சாலை பக்கம் மாறிய ஞாயிறு

ஒவ்வொரு ஆண்டுக் கடைசியிலும் எங்கள் செய்தித்தாளில் ஒரு பக்கம் வரும். பழைய ஆண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் நடந்த வேடிக்கைகளையெல்லாம் வரிசையாகப் போடுவார்கள். இந்த முறை எடுத்தது நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை பிறந்து ஞாயிற்றுக்கிழமையே முடிந்த ஆண்டாம். ஜனவரித் தாளும் அக்டோபர்த் தாளும் அச்சு அசல் ஒன்றாம். ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் தேதிக்குத் தேதி ஒட்டுமாம். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது இரண்டு முறையாம். பட்டப்பகலில் கிரகணம் பிடித்துக் கோழிகள் கூட்டுக்குப் போயின. மணிக்கூண்டுக் கடிகாரத்தின் பெரிய முள் கழன்று ஒரு கறிகாய்க் கூடையில் விழுந்தது. மூன்று மாதம் ஊரே சின்ன முள்ளை வைத்து ஒப்பேற்றியது. எல்லாம் உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்டோபர் முதல் தேதி, ஞாயிறு: வாகனங்கள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. எந்த அசம்பாவிதமும் இன்றி மாற்றம் இனிதே நடந்தேறியது."

இனிதேயாம். யார் சொன்னது இவர்களுக்கு? அன்றைய முதல் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். ஊரில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர். கேள்வி கேட்டால் முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார், கடைசியில் "ம்" என்பார். பெண் பார்க்க வந்தபோது பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதே "ம்"தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்பா, இவர் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள அக்காவுக்குத் தலை நரைச்சிடும்" என்று அன்றைக்கே சொன்னேன். அப்பா கேட்கவில்லை. "குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், வண்டிய ஒழுங்கா ஓட்டுவான். போதும்" என்றார்.

அப்பா அக்காவைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். அவள் பத்துப் படி அரிசியைத் தலையில் தூக்கி வரும் வயதிலும் அவருக்கு அவள் குட்டிதான். அப்பா போன பிறகு அப்படிக் கூப்பிட ஆளில்லை. அத்தானோ அவளை எப்படியும் கூப்பிடுவதில்லை. வேண்டுமென்றால் ஒரு இருமல், ரொம்ப அவசரமென்றால் "இந்தா". மற்றபடி அவர் தன் மனைவியைக் கூப்பிட்டதெல்லாம் ஹாரனில்தான்.

அது எப்படியென்று சொல்ல வேண்டும். அவர் ஓட்டியது மலைச்சாலை. பாறையை வெட்டிப் போட்ட சாலை அது. பாலம் தாண்டி ஏறினால் பாறை மறைக்கும் ஒரு வளைவு வரும். வளைவு திரும்பியதும் வலது கைப்பக்கம் முதல் வீடு அக்கா வீடு. வாசற்படியை விட்டுக் கால் எடுத்தால் தார்ச்சாலை. நடுவில் முற்றமும் கிடையாது, மரமும் கிடையாது. அத்தான் இருட்டோடு எழுந்து கீழே டிப்போவுக்குப் போய்விடுவார். அப்போது அடுப்பே பற்றவைத்திருக்காது. முதல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வரும்போது சமையல் முடிந்திருக்கும். வளைவுக்கு முன்னால் 'பாம் பாம்' என்று இரண்டு ஹாரன். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். பஸ் சாலையின் அந்தப் பக்கமாக, இடப்பக்கமாக வரும். டிரைவர் ஜன்னல் சாலையின் நடுவே இருக்கும். அக்கா மேலேயிருந்து ஏதாவது இறங்கி வருகிறதா என்று பார்ப்பாள். இறங்கி வருகிற வண்டிகள்தான் அவள் வாசலை ஒட்டி வரும். ஒன்றும் இல்லையென்றால் நேரே நடுச்சாலைக்குப் போய் நிற்பாள். பஸ் நிற்காது, கொஞ்சம் தயங்கும். டப்பா கை மாறும். அவ்வளவுதான் அவர்கள் பேச்சுவார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அந்த ஆண்டுதான் அரசாங்கம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து எல்லாரும் வலப்பக்கமாகப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டது. சுற்றியுள்ள நாடெல்லாம் அப்படிப் போகிறதாம், நாம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. வீதி வீதியாக லவுட்ஸ்பீக்கர் ஜீப் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் வலது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு காலண்டர் இலவசமாகக் கொடுத்து, அக்டோபர்த் தாளில் முதல் தேதியைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம் அச்சடித்திருந்தார்கள். பஸ்ஸின் ஸ்டியரிங்கை இடம் மாற்ற மட்டும் பணம் இல்லை. அதனால் டிரைவர் இனிமேல் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், எதிரே வருவது பாதிதான் தெரியும். பயணிகள் ஏறி இறங்கும் கதவு நடுச்சாலையில் திறக்கும். கண்டக்டர் முதலில் குதித்துச் சிவப்புத் துணியை ஆட்டி வண்டிகளை நிறுத்திய பிறகுதான் யாரும் கால் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஊருக்குப் பழக்கிக் கொடுக்க டிப்போவில் தேர்ந்தெடுத்த டிரைவர் யார் தெரியுமா? சைலன்சர்! பேச வேண்டியதில்லை, ஓட்டிக் காட்டினால் போதும் என்று நினைத்திருப்பார்கள். செப்டம்பர் முழுக்க அவர் மலைச்சாலையில் பஸ்ஸே ஓட்டவில்லை. விளையாட்டு மைதானத்தில் தார் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி மற்ற டிரைவர்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார். டப்பாவுக்கு அந்த மாதம் முழுக்க ஓய்வு.

மாறிய அன்று காலையில் முதல் பஸ்ஸையும் அவர்தான் எடுத்தார். மலைமேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஞாயிறு டியூட்டி. நான் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எனக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் போக்குவரத்து அதிகாரி ஒருவர் கையில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, முகத்தில் மட்டும் வெயில் கறுப்பு. எங்களுக்குப் பின்னால் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு ஜீப், இரண்டு கார்கள் என்று ஊர்வலம் போல வந்தன. எல்லாரும் முதல் பஸ்ஸைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போகட்டும் என்பது ஏற்பாடு.

பாலம் வரை எந்தக் குறையும் இல்லை. அத்தான் உடம்பை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். வலது கட்டைவிரலில் ஒரு நூல் கட்டியிருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் துணியை ஆட்ட, ஜனங்கள் கைதட்டி இறங்கினார்கள். கண்டக்டர் சின்ன வயசுக்காரன், சும்மா இருக்கமாட்டான். பாலத்தைத் தாண்டியதும் முன்னால் வந்து, "அண்ணே, இனிமே உங்க ஜன்னல் வீட்டுப் பக்கமாச்சே! அண்ணி நடுரோட்டுக்கு ஓடி வர வேண்டாம். வாசப்படியில நின்னே டப்பாவ நீட்டலாம். அரசாங்கம் உங்களுக்காகத்தான் ரோட்டையே மாத்தியிருக்கு" என்றான்.

நான் சிரித்தேன், அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அதில் ரத்தமே இல்லை.

"அவகிட்ட சொல்லல" என்றார்.

"என்ன அத்தான்?"

"ஊருக்கெல்லாம் சொன்னேன். அவகிட்ட சொல்லல. காலையில கிளம்பறப்போ, டப்பாவ வழக்கம்போல குடுத்துடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்ட பேச்சிலேயே அதுதான் நீளம். அதன் அர்த்தம் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வழக்கம்போல என்றால், அக்கா ஹாரன் கேட்டு ஓடி வருவாள். வழக்கம்போல மேலே மட்டும் பார்ப்பாள். வழக்கம்போல நடுச்சாலைக்குப் போவாள். ஆனால் இன்றைக்குப் பஸ் அவள் வாசலை உரசிக்கொண்டு கீழேயிருந்து வரும். பாறை வளைவு திரும்பியதும் வீடு. அவள் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது, இவர் பிரேக்கை மிதிக்கவும் நேரம் இருக்காது.

"லவுட்ஸ்பீக்கர்ல தினம் சொன்னாங்களே, அக்காவுக்குத் தெரியும் அத்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. லவுட்ஸ்பீக்கர் காதுக்குத்தான் சொன்னது, காலுக்குச் சொல்லவில்லையே. போதாததற்கு முந்தின வாரம் அவள் சமையலறையில் பார்த்தது ஞாபகம் வந்தது. காலண்டரில் ஜனவரித் தாள் தொங்கியது. "ரெண்டும் ஒரே தேதிதானேடி. அக்டோபர்ல வெறும் பாலம் போட்டிருக்கான், ஜனவரில வாத்து இருக்கு. எனக்கு வாத்துதான் பிடிச்சிருக்கு" என்று முன்கூட்டியே மாற்றி வைத்துவிட்டாள். சிவப்பு வட்டம் வாத்துக்குப் பின்னால் போய்விட்டது. அன்றைக்கு அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் அதிகாரியைப் பார்த்தார். "சார், வளைவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தணும்."

"எதுக்கு?"

நான் முந்திக்கொண்டேன். "வளைவு தாண்டினதும் அவர் வீடு சார். எங்க அக்கா சாப்பாட்டு டப்பாவோட நடுரோட்டுக்கு வருவாங்க."

"ஏம்மா, நாடே பக்கம் மாறிக்கிட்டிருக்கு. உங்களுக்கு டப்பா முக்கியமா?"

"டப்பா இல்ல சார், அக்கா!"

அவர் விசிலைக் கையில் உருட்டினார். "நல்லாக் கேட்டுக்கோ. ஸ்டாப் இல்லாத இடத்துல இன்னிக்கு ஒரு வண்டியும் நிக்கக் கூடாது. நின்னா பின்னால வர்றவன் முந்துவான். எந்தப் பக்கம் முந்தணும்னு அவனுக்கே தெரியாது. வளைவுல முந்தினா என்ன ஆகும்? நாப்பது உசிரு இருக்கு வண்டியில. ஹாரன நீளமா அடிச்சுக்கிட்டே போ. வளைவுல அடிச்சே ஆகணும், அதுவும் உத்தரவு. உங்க வீட்டம்மா சத்தம் கேட்டு ஒதுங்கிக்குவாங்க."

"ஹாரன் அடிச்சாத்தான் சார் வருவா" என்றார் அத்தான்.

அதிகாரி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஹாரன் அடிக்காமல் திரும்பினால் எதிரே இறங்கி வருகிறவனுக்குத் தெரியாது, அவன் எந்தப் பக்கம் வருவானோ அன்றைக்கு யாருக்கும் நிச்சயமில்லை. அடித்தால் அக்காவுக்குத் தெரியும். நாற்பது பேரா, அக்காவா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். நல்லவேளை, ஸ்டியரிங் என் கையில் இல்லை.

வளைவுக்கு முன்னால் இனி நிறுத்தமே கிடையாது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் தாழ்வான கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் பள்ளம். அத்தான் கியரை மாற்றினார். கழுத்துக் காலர் நனைந்து ஒட்டிக்கொண்டது. பஸ் மெதுவாகியது, பின்னால் செங்கல் லாரியும் மெதுவாகியது. பயணிகள் பேச்சு அப்படியே அடங்கியது. எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் டிரைவருடைய முதுகைப் பார்த்தால் எதுவோ சரியில்லை என்று தெரிந்திருக்கும். எனக்கு முன்னால் பாறை வளர்ந்துகொண்டே வந்தது. நான் மனசுக்குள் அக்காவைத் திட்டினேன். சோறு இன்றைக்குக் கருகிப் போகக் கூடாதா, அடுப்பு அணைந்து போகக் கூடாதா, பாழாய்ப்போன டப்பாவின் மூடி கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று.

அத்தான் பஸ்ஸை நிறுத்தினார்.

"யோவ்!" என்று அதிகாரி எழுந்தார்.

"சக்கரத்துக்குக் கல்லு வை" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஹாண்ட்பிரேக்கை இழுத்தார். தன் பக்கத்துக் கதவைத் திறந்து பாறையோரம் குதித்தார். அப்படியே ஓடினார். கனத்த உடம்பு, காலில் பழைய செருப்பு. ஒரு செருப்பு அங்கேயே கழன்றது. அதிகாரி விசிலை ஊது ஊது என்று ஊதினார். நான் டிரைவர் இருக்கை மேலேயே ஏறி, அதே கதவு வழியாகக் குதித்தேன். முழங்கால் சிராய்த்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு குதி குதித்ததில்லை.

அப்போதுதான் பின்னால் நின்ற செங்கல் லாரிக்காரன் பொறுமை இழந்தான். முன்னால் போகிற பஸ் எதற்கு நின்றது என்று அவனுக்கு என்ன தெரியும்? ஹாரனை அடித்தான். 'பாம் பாம்.' இரண்டே இரண்டு. எங்கள் ஊரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒரே கடையில் வாங்கிய ஒரே ரக ஹாரன்.

அத்தான் ஓடிக்கொண்டே தலையில் கை வைத்ததைப் பார்த்தேன்.

லாரி உறுமியது. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பள்ளத்துப் பக்கமாக முந்தி வந்தது. கண்டக்டர் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடியும் அவன் நிற்கவில்லை. என்னைத் தாண்டியது, அத்தானைத் தாண்டியது. அதிகாரி எதைச் சொல்லி பயந்தாரோ அது அப்படியே என் கண்முன் நடந்தது. லாரிக்காரன் முந்தி முடித்ததும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் போல வண்டியை வலப்பக்கம் ஒடித்தான். எங்கள் அக்கா வாசலைப் பார்த்து ஒடித்தான்.

பாரத்தோடு ஏற்றத்தில் ஏறிய லாரியின் பின்னாலேயே ஓடி நான் வளைவு திரும்பியபோது அக்கா ஏற்கனவே படியை விட்டு இறங்கியிருந்தாள். கையில் டப்பா, புடவைத் தலைப்பு இடுப்பில் சொருகல், முகம் மேல் பக்கம். மேலே ஒன்றும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு நடுச்சாலைக்கு நடந்துகொண்டிருந்தாள். கீழேயிருந்து வருகிற சத்தம் அவளுக்குத் தன் வீட்டுக்காரர் பஸ் சத்தம், அது அந்தப் பக்கமாகப் போகும். அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நீளமான வாய் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான், ஒரு சத்தம் வரவில்லை எனக்கு.

கத்தியது சைலன்சர்தான்.

"குட்டீ!"

பாறை அதைத் திருப்பிச் சொன்னது. அப்பா போன பிறகு அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டதில்லை. அவள் அப்படியே நின்றாள், மேல் பக்கம் பார்த்த முகம் சட்டென்று கீழ்ப் பக்கம் திரும்பியது. யார் கூப்பிட்டது என்று பார்க்கத்தான் திரும்பினாள். பார்த்தது லாரியை. டப்பாவைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவினாள். படியில் இடறி, வாசலுக்குள் மல்லாந்து விழுந்தாள். லாரி டப்பாவின் மேல் ஏறிப் போய் அப்பால் கிறீச்சிட்டு நின்றது. மேலே அடுக்கியிருந்த செங்கல் சரிந்து சாலையெல்லாம் சிதறியது.

அத்தான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவும் இல்லை, அவளைத் தூக்கவும் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது. அக்கா கையை ஊன்றி எழுந்தாள். முதலில் சாலையைப் பார்த்தாள். டப்பா தகடாகிக் கிடந்தது.

"அய்யோ, சாப்பாடு போச்சே" என்றாள்.

எனக்கு அவளை அங்கேயே அறையலாம் போல இருந்தது. அதற்குள் அவளே வாசற்படியையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். லாரி நின்ற இடத்தைப் பார்த்தாள். மெதுவாக எல்லாம் அவளுக்கு விளங்குவது முகத்தில் தெரிந்தது. "கூப்பிட்டது நீங்களா?" என்று கேட்டாள்.

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ம்" என்றார்.

லாரிக்காரன் இறங்கி வந்து தெருவிலேயே உட்கார்ந்து அழுதான். என் தப்பு இல்லைம்மா, என் தப்பு இல்லைம்மா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். செங்கல், டப்பா, அக்கா, ஒற்றைச் செருப்போடு நின்ற டிரைவர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "போய் வண்டிய எடுப்பா. ஜனங்க காத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

செங்கல்லை எல்லாருமாக ஓரம் கட்டினார்கள். அத்தான் பஸ்ஸில் ஏறினார், நானும் ஏறினேன். சாவியைத் திருப்பினார், கியர் விழவில்லை, இரண்டு தடவை முயன்றார். பிறகு ஹாரனை நீளமாக அடித்தார். உத்தரவுப்படி எவ்வளவு நீளம் வேண்டுமோ அதைவிட நீளமாக அடித்தார். பஸ் வளைவு திரும்பி வீட்டை ஒட்டி ஊர்ந்தது.

அக்கா வாசற்படியில் நின்றாள். ஒரு அடி கூட இறங்கவில்லை. டிரைவர் ஜன்னல் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. அவர் வழக்கம்போல வெளியே நீட்டிய கையைப் பார்த்தாள். அதில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த அடி எதற்கென்று பஸ்ஸில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்டினார். அக்காவை இந்த மனுஷனுக்குக் கொடுத்தார்களே என்று அதுவரை நான் அப்பாவைக் குறை சொன்னதுண்டு. அன்றோடு அதை நிறுத்தினேன்.

விசாரணை நடந்தது. நடக்காமல் இருக்குமா? வளைவில் நிறுத்தினார், பயணிகளை விட்டு இறங்கி ஓடினார், அதனால்தான் லாரி முந்தியது. மூன்றும் உண்மை. நான் சாட்சி சொல்லப் போனேன். போதும் போதும் என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிடும்வரை சொன்னேன். வேலை போகவில்லை. ஆனால் மலைச்சாலை போயிற்று. ஓய்வு பெறும்வரை அவரை டவுனுக்குள்ளேயே ஓட்டவிட்டார்கள், டிப்போவுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில். மலைச்சாலைதான் அவருக்கு உயிர். அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா அவரோடு இருட்டிலேயே எழுந்து சமைக்கப் பழகிக்கொண்டாள். புது டப்பாவை வீட்டுக்குள்ளேயே கையில் கொடுத்தாள். பொறுப்பானவர்கள் அந்தச் சம்பவத்தை மேலிடத்துக்கு எழுதி அனுப்பவில்லை போலிருக்கிறது. யாரும் சாகவில்லை, கை கால் போகவில்லை, எழுத என்ன இருக்கிறது?

செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு நான் நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். இப்போதும் அதே வீடுதான். வாசலில் மட்டும் முனிசிபாலிட்டி ஒரு கம்பித் தடுப்பு போட்டிருக்கிறது. அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை பஞ்சாகிவிட்டது. அத்தான் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். கடைசி வரியை இரைந்து படித்துக் காட்டினேன்.

"இன்னிக்கே பேப்பர்காரனுக்கு எழுதப் போறேன். அசம்பாவிதம் இல்லையாமே! இவனுங்க வந்து பாத்தாங்களா? அத்தான், நீங்களாவது சொல்லுங்க, சரியா போட்டிருக்கானா?"

அத்தான் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்க்கக் கூரை மறைத்தது. அதனால் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரியாத்தானே போட்டிருக்கான்" என்றார். "டப்பாதானே போச்சு."